கத்திப்பாரா நெரிசலை வைத்து மதுரையில் நாங்கள் என்ன செய்வது?

மதுரை எஃப்.எம். ரேடியோ நிலையப் பொறுப்பாளருக்கும், சென்னையில் இருந்துகொண்டு எங்கள் ஊர் நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் நிகழ்ச்சித் தலைமைக்கும்,

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை உங்கள் ப்ரொமோவைக் கேட்டேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து காலை 7 மணி நிகழ்ச்சி ‘புதுப் பொலிவோடு, தமிழ்நாடு முழுக்க ஒரே நேரத்தில்’ வரப்போகிறதாம். பின்னணியில் கைதட்டல் வேறு. கைதட்டலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் விஷயம் இதுதான்: மதுரையிலிருந்து மதுரைக்காகப் பேசிக்கொண்டிருந்த கடைசி மூன்று மணி நேரமும் போகிறது. இரவு நிகழ்ச்சி எப்போதோ போய்விட்டது. பகல் நிகழ்ச்சி 2024 ஆடியில் போனது. இனி உங்கள் மதுரை நிலையத்தில் மதுரை என்று மிஞ்சப்போவது விளம்பரம் மட்டும்தான்.

நான் கலெக்டர் ஆபீஸ் பக்கம் 22 வருஷமாக ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் கடை திறப்பதற்கு முன்பே ஆள் நிற்கும். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு, அண்ணன் தம்பி பாகத் தகராறு என்று எத்தனையோ பேருக்கு மனு அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்காக நான் அடிக்கிற முதல் மனு இது. அதனால் ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் போடவில்லை. உங்கள் நிலையத்தின் பெயரையும் போடவில்லை. இந்த வேலையை நீங்கள் மட்டும் செய்யவில்லை என்பது ஒரு காரணம். படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும் என்பது இன்னொன்று.

மனு அடிக்கிறவளுக்குக் கண்ணும் கையும் வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அதனால் கடையில் எப்போதும் ரேடியோதான். முதலில் கொடைப் பண்பலை 100.5. உங்கள் நிலையம் வந்தபின் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய்விட்டது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. காரணம் பாட்டு இல்லை, பாட்டு எல்லா இடத்திலும் ஒன்றுதான். உங்கள் பகல் நிகழ்ச்சி 11 மணிக்கு ஆரம்பித்து 2 மணி வரை ஓடும், அதில் பாட்டைவிடப் பேச்சு அதிகம். போனில் யார் யாரோ வருவார்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இருந்து ஒரு அக்கா மல்லி என்ன விலை போகிறது என்று சொல்லிவிட்டு, அப்படியே மருமகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வைப்பார். வில்லாபுரத்து ஆட்டோக்காரர் ஒருவர், கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை நடந்த நாட்களில், எந்தச் சந்துக்குள் புகுந்தால் எங்கே வெளியே வரலாம் என்று வரைபடம் போட்ட மாதிரி சொல்வார். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு வாரம் அவர் குரல் வரவில்லை என்றால் கடைக்கு வருகிறவர்களே கேட்பார்கள், “அந்த வில்லாபுரத்துக்காரர் எங்கக்கா ஆளைக் காணோம்?” என்று.

2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கு முகாம் போட்ட சமயம். ஊரே என் கடையில் நின்றது. ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில், பேங்க் பாஸ்புக் எல்லாம் இரண்டு இரண்டு காப்பி எடுக்கச் சொல்லி யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. ஒருநாள் பகல் நிகழ்ச்சியில் உங்கள் ஆர்.ஜே. பொண்ணு சொன்னாள்: “அக்காமார்களே, ஒரிஜினலைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும், விண்ணப்பத்தோடு நகல் எதையும் இணைக்க வேண்டியதில்லை, வீணாகக் காசைக் கொட்டாதீங்க.” என் கடையில், என் ரேடியோவில், என் வாடிக்கையாளர்கள் முன்னால்! வரிசையில் பாதிப் பேர் கலைந்து போனார்கள். எனக்கு அன்றைக்கு வியாபாரம் போச்சு. ஆனால் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் இருபது முப்பது ரூபாயை மடியிலேயே முடிந்துகொண்டு போனதைப் பார்த்தபோது, இந்தப் பொண்ணு உருப்படியாக ஒரு வேலை பார்க்கிறாள் என்றுதான் தோன்றியது.

அந்தப் பொண்ணு 2024 ஆவணியில் என் கடைக்கு வந்தாள். முகம் தெரியாது. “அக்கா, பயோடேட்டா ஒரு பத்து காப்பி” என்று கேட்ட குரலில் கை நின்றுவிட்டது. வேலை போய்விட்டது. அவளோடு இன்னும் மூன்று பேருக்கும். அவள் உங்களைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, இதைப் படித்துவிட்டு அவள்மேல் கோபப்படாதீர்கள். நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். நேரலையில் பேசுகிற மாதிரி கேட்கிறதே, எப்படி என்று. சிரித்தாள். மூன்று மணி நேர நிகழ்ச்சிக்குப் பேச்சுத் துண்டுகளை மட்டும், அவர்கள் பாஷையில் ‘லிங்க்’, முக்கால் மணி நேரத்தில் பேசிப் பதிந்துவிடலாமாம். பாட்டையும் விளம்பரத்தையும் நடுநடுவே கம்ப்யூட்டர் சொருகிக்கொள்ளும். ஊருக்கு ஊர் விளம்பரத்தை மட்டும் அந்தந்த ஊர் கம்ப்யூட்டர் மாற்றிக்கொள்ளும். அது சரி, வித்தைதானே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து அவள் சொன்னதுதான் என்னை இந்த மடல் வரை கொண்டுவந்தது. அப்படிப் பதியும்போது மணி என்ன என்று சொல்லக் கூடாதாம். மழை, வெயில் சொல்லக் கூடாது. ஊர், தெரு, பாலம், கோயில் எதுவும் கூடாது. “எந்த ஊர்ல போட்டாலும் ஒட்டணும்க்கா, அப்படிப் பேசணும்.”

யோசித்துப் பாருங்கள். மணி சொல்லக் கூடாது, மழை சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் இந்த மூன்றும் இல்லாமல் ஐந்து நிமிஷம் பேச முடியுமா? மிஞ்சுவது என்ன? “முதல் காதலை மறக்க முடியுமா மக்களே?”, “உங்க பெஸ்ட் ஃப்ரெண்டுக்கு ஒரு டெடிகேஷன்”, “லைஃப்ல ஒரு விஷயம் என்னன்னா...” இதைத்தான் 2024 ஆடியிலிருந்து பகல் முழுக்கக் கேட்கிறோம். நேரலையாக வரும் சென்னை நிகழ்ச்சியோ இன்னொரு தமாஷ். அதில் ஊர் வருகிறது, ஆனால் அவர்கள் ஊர். கத்திப்பாராவில் நெரிசல், ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை, அடையாறில் லேசான தூறல். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு இதை வைத்து என்ன செய்வது? அப்பப்ப எங்களைக் குஷிப்படுத்த என்று ஒரு ‘மதுரை ஸ்பெஷல்’ போடுகிறீர்கள், அதில் அரிவாள், ஜிகர்தண்டா, “என்னடே மதுரக்காரய்ங்க” என்று ஒரு குரல். ‘ஏலே’வும் ‘டே’யும் திருநெல்வேலிப் பக்கம் ஐயா. யாராவது ஒரு மதுரைக்காரரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கத்தான் இங்கே ஆளில்லையே.

எரிச்சலோடு போகிற விஷயமென்றால் ரேடியோவை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். இரண்டு நாட்கள் என்னை அப்படி விடவில்லை.

ஒன்று, 2024 அக்டோபர் 25. அன்றைக்கு மதியம் 3 மணிக்கு மேல் கால் மணி நேரத்தில் நாலரை சென்டிமீட்டர் மழை கொட்டியது. பந்தல்குடிக் கால்வாய் பொங்கிச் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். என் கடையில் வேலை பார்க்கிற பொண்ணுக்கு வீடு கட்டபொம்மன் நகர்ப் பக்கம், பிள்ளை ஸ்கூல் விட்டு வருகிற நேரம். கரண்ட் போய்விட்டது. அவள் போனில் சார்ஜ் இல்லை, என் போனில் லைன் கிடைக்கவில்லை. பேட்டரி போட்ட ரேடியோ மட்டும் ஜம்மென்று பாடியது. அவளும் நானும் காதை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றோம். எந்த ரோடு மூழ்கியிருக்கிறது, எந்தப் பக்கம் போகலாம், பிள்ளைகளை ஸ்கூலிலேயே வைத்திருக்கிறார்களா, ஒரு வார்த்தை. உங்கள் அலைவரிசையில் ஒரு ஆர்.ஜே. தம்பி, மழைக்கு இதமாக என்ன சாப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதிவா நேரலையா தெரியாது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிய வழியே இல்லை. முட்டளவுத் தண்ணீரில் நடந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தாள் அந்தப் பொண்ணு. போனை எடுக்க மதுரையில் ஒரு ஆர்.ஜே. இருந்திருந்தால் செல்லூரில் இருந்தே பத்துப் பேர் போன் போட்டிருப்பார்கள், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்று. வில்லாபுரத்துக்காரர் கட்டாயம் போட்டிருப்பார்.

இன்னொன்று 2025 மே 12, அழகர் ஆற்றில் இறங்கிய நாள். மதுரைக்கு அதைவிடப் பெரிய விடியல் வருஷத்தில் ஒன்று கிடையாது. எதிர்சேவை முடிந்து தல்லாகுளத்தில் ஜனம் தூங்காமல் கிடக்கிறது. வண்டி எங்கே நிறுத்துவது, எந்தப் பாலம் அடைப்பு, குடிதண்ணீர் எங்கே, காணாமல் போன பிள்ளையை எங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், இப்படி ஆயிரம் சொல்ல இருக்கிற நேரம். வெளியூரிலிருந்து வந்த என் நாத்தனார் குடும்பம் எங்கே மாட்டிக்கொண்டதோ என்று விடியற்காலை ரேடியோவைப் போட்டேன். “கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு சாரி சொல்லணும்னா யாருக்குச் சொல்வீங்க?” என்றது.

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒருமுறை உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடமே சொன்னார்: “மேடம், பிரைவேட் எஃப்.எம்.ல நியூஸ் போடக் கூடாது, கவர்மெண்ட் ரூல்.” பாதிதான் உண்மை. மனு அடிக்கிறவளிடம் ரூல் என்று சொன்னால் அவள் அந்த ரூலைத் தேடி எடுத்துப் படித்துவிடுவாள். 2011 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த மூன்றாம் கட்ட எஃப்.எம். கொள்கை, தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே போட்டுக்கொள்ளலாம் என்கிறது, சரி. அதே கொள்கை எதெல்லாம் செய்தி ஆகாது, தாராளமாகச் சொல்லலாம் என்றும் பட்டியல் போட்டிருக்கிறது. போக்குவரத்து, வானிலை, உள்ளூர்ப் பண்பாட்டு நிகழ்ச்சிகள், திருவிழாக்கள், பரீட்சை, ரிசல்ட், கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, அப்புறம் கரண்ட், குடிதண்ணீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை பற்றி உள்ளூர் நிர்வாகம் தருகிற அறிவிப்புகள். செல்லூர் மழையும் அழகர் விழாவும் இந்தப் பட்டியலில் அச்சாக இருக்கின்றன. எது கூடாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, எது கூடும் என்பதை மறந்துவிட்டீர்கள். மணிக்குப் பத்து நிமிஷம் செய்தியும் சொல்ல அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரை செய்திருக்கிறது. நாளைக்கே அனுமதி வந்தால் மதுரைச் செய்தியை யாரைக்கொண்டு சொல்வீர்கள்?

ஒரே கம்பெனி தன் நிலையங்களை எல்லாம் இணைத்து ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பலாம் என்று அதே கொள்கை உங்களுக்கு உரிமை தருகிறது. அதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் செய்வது சட்ட விரோதம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏலம் எப்படி நடந்தது? தமிழ்நாடு என்று மொத்தமாகவா நடந்தது? மதுரைக்கு என்று தனி அலைவரிசை, தனி விலை, தனி லைசென்ஸ். அலைக்கற்றை பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995 பிப்ரவரியிலேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. மதுரை ஆகாயத்தில் எங்கள் பெயரில் ஒரு இடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் அடையாறு தூறலைக் குடியேற்றுகிறீர்கள் என்பதுதான் என் புகார்.

இந்தப் பாதை எங்கே போய் முட்டும் என்று தெரிந்துகொள்ள அதிகம் கற்பனை செய்ய வேண்டாம், அமெரிக்காவில் முப்பது வருஷத்துக்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டார்கள். என் அக்கா மகன் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறான், இந்தக் கதையெல்லாம் அவனிடமிருந்து ஆரம்பித்து நான் தேடிப் படித்தது. அங்கே பேச்சு ரேடியோ என்றே தனி வகை உண்டு, பாட்டே கிடையாது, நாள் முழுக்கப் பேச்சும் நேயர் போனும்தான். 1988 ஆகஸ்டில் ரஷ் லிம்பா என்பவரின் நிகழ்ச்சியை நாடு முழுக்க விற்க ஆரம்பித்தார்கள். விற்றார்கள் என்றால் பெரும்பாலான சின்ன நிலையங்களிடம் காசே வாங்கவில்லை. நிகழ்ச்சியைச் சும்மா எடுத்துக்கொள், நடுவில் எங்களுக்கு இத்தனை நிமிஷம் விளம்பரத்துக்கு விடு, மீதியை நீ விற்றுக்கொள் என்பது ஒப்பந்தம். சும்மா வருகிற நிகழ்ச்சி வாசலில் நிற்கும்போது எந்த முதலாளி உள்ளூர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பார்? அந்த ஆள் வலதுசாரி, இடதுசாரி என்பதெல்லாம் அவர்கள் சண்டை, அதற்குள் நான் போகவில்லை. ஊர் ஊராக மதிய நேரத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் காணாமல் போனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அப்புறம் 1996-ல் ஒரு சட்டம் வந்தது. ஒரு கம்பெனி நாடு முழுக்க இத்தனை நிலையம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். சில வருஷத்திலேயே கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனியிடம் 1,200-க்கு மேல் நிலையங்கள். 2002 ஜனவரி 18 நள்ளிரவு தாண்டி, வடக்கு டகோட்டாவில் மைனாட் என்ற ஊரில் சரக்கு ரயில் தடம் புரண்டு அம்மோனியா வாயு கசிந்தது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கில் பாதிப்பு. அந்த ஊரில் ஆறு வணிக நிலையங்கள் இந்த ஒரே கம்பெனியுடையவை. எச்சரிக்கை கொடுக்கப் போலீஸ் போன் போட்டால் எடுக்க ஆளில்லை என்பது ஒரு தரப்பு. அவசர எச்சரிக்கைக் கருவியைப் போலீஸ்தான் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்பது கம்பெனி தரப்பு. யார் சொல்வது சரி என்பதை அங்கே உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், ராத்திரி ஒரு மணிக்கு மேல் அம்மோனியாவை முகர்ந்துகொண்டு ரேடியோவைத் திருகியவனுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது? இத்தனைக்குப் பிறகும் 2017-ல், நிலையத்துக்கு அந்த ஊர்ப் பக்கம் ஒரு ஸ்டூடியோவாவது இருக்க வேண்டும் என்ற பழைய விதியையும் நீக்கிவிட்டார்கள். என் அக்கா மகன் ஊரில் கே.ஜி.ஓ. 810 என்று ஒரு நிலையம், பல வருஷம் அந்தப் பகுதியிலேயே முதலிடம், முழுக்க உள்ளூர்ப் பேச்சாளர்கள். 2011 டிசம்பரில் அவர்களில் பெரும்பாலோரை அனுப்பினார்கள். 2022 அக்டோபரில் பேச்சையே நிறுத்திவிட்டு விளையாட்டுப் பந்தயச் சூதாட்டம் பற்றிப் பேசும் நிலையமாக மாற்றிவிட்டார்கள். செலவைக் குறைத்ததில் நிலையம் பிழைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. 2024 செப்டம்பரில் ஹெலின் புயல் வடக்கு கரோலினாவில் ஆஷ்வில் ஊரைப் புரட்டிப்போட்டபோது கரண்ட் இல்லை, போன் இல்லை, தண்ணீர் இல்லை. அப்போது ஊர் மொத்தமும் நம்பியிருந்தவற்றில் ஒன்று டபிள்யூ.டபிள்யூ.என்.சி. 570 என்ற பேச்சு நிலையம். நேயர்கள் எப்படியோ போன் பிடித்து எந்த ரோடு போய்விட்டது, எங்கே தண்ணீர் தருகிறார்கள் என்று சொல்லச் சொல்ல, உள்ளூர் அறிவிப்பாளர்கள் அதை நாள் கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த நிலையம் யாருடையது தெரியுமா? நான் மேலே சொன்ன அதே கம்பெனிதான், இப்போது பெயர் ஐஹார்ட் மீடியா. முதலாளி மாறவில்லை. மைக் முன்னால் அந்த ஊர்க்காரர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களுக்கும் கஷ்டம் இருக்கும், தெரியாமல் இல்லை. கொரோனாவில் விளம்பரம் படுத்ததில் இருந்து பலர் எழவில்லை. பாட்டுக் கேட்க இனி ரேடியோ யாருக்கும் வேண்டாம், என் மகன் உட்பட. போனிலேயே இஷ்டத்துக்குக் கேட்கிறான். சரி, அப்படியென்றால் போன் தர முடியாததை அல்லவா நீங்கள் தர வேண்டும்? அந்த ஒன்றையும் வெட்டிவிட்டு எதை வைத்துக் கடை நடத்துவீர்கள்? நானும் கடைக்காரிதான், கணக்கு எனக்கும் தெரியும். 2019-ல் பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் பத்து நாள் உங்களிடம் விளம்பரம் கொடுத்தேன். அந்த ஆர்.ஜே. பொண்ணு, எழுதிக் கொடுத்ததை வாசிக்காமல், “கலெக்டர் ஆபீஸ் பக்கம் வேப்பமரத்துக்குக் கீழே நம்ம அக்கா கடை” என்று சொந்தமாகச் சொல்லிவிட்டாள். வேப்பமரத்து அக்கா கடை இதானா என்று இன்றைக்கும் வந்து கேட்கிறார்கள், கடைக்குப் பெயர்ப் பலகை வேறு பெயரில் இருந்தும். இந்த வருஷம் உங்கள் விளம்பர ஆள் வந்தார். மதுரைக்கு மட்டும் தனியாக இப்போது இல்லையாம், தென்மாவட்டம் முழுக்கச் சேர்த்து ஒரு பேக்கேஜ்தானாம். தூத்துக்குடிக்காரர் ஸ்பைரல் பைண்டிங் போட மதுரைக்கு பஸ் ஏறி வருவாரா தம்பி என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே காபி குடித்துவிட்டுப் போனார். என்னைப் போல எத்தனை கடைக்காரர்களை இப்படி இழந்திருக்கிறீர்கள் என்று உங்கள் கணக்குப்பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். சென்னை நகைக்கடைக்காரர் கொடுப்பதை வைத்து இதை ஈடுகட்டிவிட்டீர்கள் என்றால் சரி. ஆனால் அவர் தன் பட்ஜெட்டை இன்ஸ்டாகிராமுக்குக் கொண்டுபோகிற அன்றைக்கு வேப்பமரத்து அக்கா உங்களைத் தேடி வர மாட்டாள்.

இனி கோரிக்கை. மனுவில் இந்த இடத்தை நான் எப்போதும் தடித்த எழுத்தில்தான் அடிப்பேன்.

அடுத்த மாதம் முதல் தேதி காலை நிகழ்ச்சியை மாற்றும் முடிவை நிறுத்தி வையுங்கள். ஒரேயடியாக வேண்டாம் என்றுகூடக் கேட்கவில்லை. முதலில் ஒருநாள் காலை அதே நிகழ்ச்சியில், மதுரையில் இருந்து, நிலையப் பொறுப்பாளர் மைக் முன்னால் உட்காரட்டும், நேயர்கள் போனில் கேட்கட்டும், அவர் பதில் சொல்லட்டும். அதன்பிறகு முடிவெடுங்கள். பகல் நிகழ்ச்சியைப் பழைய மூன்று மணி நேரத்துக்குத் திருப்பித் தர முடியாது என்றால், திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு மணி நேரமாவது மதுரையிலிருந்து நேரலையாகக் கொடுங்கள். வேலையிழந்த நாலு பேரில் யாராவது இன்னும் ஊரில் இருந்தால் அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

மழை, வெள்ளம், பெரிய விபத்து, சித்திரைத் திருவிழா மாதிரி நாட்களில் சென்னை நிகழ்ச்சியை நடுவில் வெட்டிவிட்டுப் பேசுகிற அதிகாரம் மதுரையில் ஒருவருக்கு எழுத்தில் கொடுங்கள். அனுமதி வாங்க அவர் சென்னைக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அவரது நம்பர் கலெக்டர் ஆபீஸ் 1077 கட்டுப்பாட்டு அறையிலும் மாநகராட்சியிலும் போலீஸிலும் இருக்கட்டும். கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை என்றால் என்னிடம் தாருங்கள், பக்கத்துக் கட்டடம்தான், நான் கொடுத்துவிடுகிறேன்.

பதிவு செய்த நிகழ்ச்சி என்றால் மணிக்கு ஒருமுறை அதைச் சொல்லுங்கள். “இது சென்னையில் பதிவு செய்யப்பட்டது” என்று ஒரு வரி, அவ்வளவுதான். அக்டோபர் 25 அன்று அந்த ஒரு வரி கேட்டிருந்தால் நாங்கள் இருவரும் ரேடியோ பக்கத்தில் நின்று இருபது நிமிஷத்தை வீணாக்கியிருக்க மாட்டோம்.

கடைசியாக, அந்தப் போன். உங்கள் பழைய நேயர் நம்பர் எனக்கு இன்னும் மனப்பாடம். நேற்று போட்டுப் பார்த்தேன். ஒரு குரல் வந்து, உங்கள் கருத்தை முப்பது நொடிக்குள் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள், சிறந்தவை ஒலிபரப்பாகும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அந்த நம்பரில் காலை 7 முதல் இரவு 9 வரை ஒரு மனுஷர், மதுரையில் உட்கார்ந்துகொண்டு, “ஹலோ, சொல்லுங்க” என்று எடுக்க வேண்டும். இந்த மடலின் அச்சுப் பிரதியை உங்கள் மதுரை அலுவலகத்தில் கொடுத்து ‘பெறப்பட்டது’ என்று சீல் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை மதியம், கூட்டம் குறைந்தபிறகு, மறுபடி அந்த நம்பருக்குப் போடுவேன்.

இப்படிக்கு,
வேப்பமரத்து ஜெராக்ஸ் கடைக்காரி,
மதுரை